மணத்துக்கு முன்பா, பின்பா? அமெரிக்கக் குடியுரிமையாளரை மணப்போரின் விசா வழிகள்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவரும் பிற நாட்டவர் ஒருவரும் மணந்து அமெரிக்காவில் வாழ விரும்பினால், அந்நாட்டுச் சட்டத்தில் அவர்களுக்கு முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன: மணமாகும் முன்பே அமெரிக்காவுக்குள் நுழைந்து அங்கே திருமணம் செய்துகொள்வதற்கான கே-1 விசா ஒன்று, வெளியே திருமணத்தை முடித்துக்கொண்டு வாழ்க்கைத்துணையாக நுழைவதற்கான சிஆர்-1 அல்லது ஐஆர்-1 விசா மற்றொன்று. இவற்றுள் எது விரைவில் கிடைக்கும் என்பதே பலரும் முதலில் கேட்பது. ஆனால் கால அளவு ஆண்டுக்கு ஆண்டு, தூதரகத்துக்குத் தூதரகம் மாறுவதால் அதற்கு நிலையான விடை கிடையாது. அதைவிட முதலில் கேட்டறிய வேண்டியது, வெளிநாட்டிலிருந்து வரும் துணைக்கு, மனு செய்தவரின் தயவை எதிர்பாராமல் தங்கவும் வேலை செய்யவும் வெளியே சென்று திரும்பவும் சொந்த உரிமை எந்த நாளில் கிடைக்கிறது என்பதுதான். கே-1 வழியில் இருவரும் சேர்ந்திருக்கும் நாள் முன்னதாக வரலாம், ஆனால் உரிமை பிந்தி வருகிறது. துணைவர் விசாவில் பிரிவு நீளலாம், ஆனால் விமான நிலையத்தில் இறங்கும்போதே உரிமை கைக்கு வந்துவிடுகிறது.

கே-1 விசாவுக்கான மனுவை ஐ-129எஃப் என்னும் படிவத்தில் அமெரிக்கக் குடியுரிமையாளரே தாக்கல் செய்ய வேண்டும். இருவரும் மணம் செய்துகொள்ளச் சட்டத்தடை ஏதும் இல்லாதவர்களாக இருப்பதோடு, மனு செய்வதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். நீண்டகால மரபு அத்தகைய சந்திப்பைக் கண்டிப்பாகத் தடுக்கும் இடத்திலும், சந்திப்பது மனுதாரருக்குக் கடும் இன்னலாக அமையும் நிலையிலும் விலக்குக் கோரலாம் என்றாலும், அவ்விலக்கு எளிதில் கிடைப்பதில்லை. விசா பெற்று நுழைந்தவர் 90 நாள்களுக்குள் மனுதாரரையே மணக்க வேண்டும். இந்தக் கெடு நீட்டிக்கப்படுவதில்லை, வேறொருவரை மணந்து அங்கேயே நிரந்தர வதிவுரிமை கோரவும் மாணவர் விசா போன்ற வேறு விசாவுக்கு மாறவும் சட்டம் இடம் தருவதில்லை. திருமணம் முடிந்ததும் ஐ-485 படிவத்தின் வழியாக ‘நிலை மாற்றம்’ கோர வேண்டும். தற்காலிகமாக நுழைந்தவர் நாட்டைவிட்டு வெளியேறாமலே நிரந்தர வதிவுரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிக்கும் நடைமுறை இது.

இந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் மாதங்களே கே-1 வழியின் மிக நலிந்த பகுதி. தனியே விண்ணப்பித்து வேலை அனுமதி அட்டை பெறும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ‘முன்னனுமதிப் பயண ஆவணம்’ கையில் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், ஐ-485 விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தாய் தந்தையர் நோயுற்றாலோ இறந்தாலோ ஊருக்குச் சென்று திரும்ப இயலாத நிலை இதனால் உருவாகிறது. படித்து, சம்பாதித்து, தன் கணக்கில் பணம் வைத்திருந்த ஒருவர், வரவேற்பறையில் துணையின் செலவில் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வது குடும்பத்துக்குள் அதிகாரச் சமநிலையை எவ்வளவு சாய்க்கும் என்பதை, விசாவின் வேகத்தை மட்டும் ஒப்பிடும் அட்டவணைகள் காட்டுவதில்லை.

துணைவர் விசாவில் இவ்விடைவெளி இல்லை. ஐ-130 மனு ஏற்கப்பட்டு, தூதரக நேர்காணல் முடிந்து விசாவுடன் நுழைபவர் அந்த நாளிலேயே நிரந்தர வதிவாளர் ஆகிறார். மறுநாளே வேலையில் சேரலாம். நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால் அது ஐஆர்-1. நிறையாவிட்டால் சிஆர்-1, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் நிபந்தனைக்குட்பட்ட வதிவுரிமை. அந்த இரண்டாம் ஆண்டு முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் இருவரும் இணைந்து ஐ-751 படிவத்தால் நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். கே-1 வழியே வருவோரும் கிரீன் கார்டு கிடைத்த நாளிலிருந்து பெரும்பாலும் இதே நிபந்தனைக்கு உட்படுகின்றனர். குடியுரிமையாளருடன் மணவாழ்வில் இருப்பவர் மூன்று ஆண்டு நிரந்தர வதிவுக்குப் பின் குடியுரிமை கோரலாம் என்பதால், அந்த ஆண்டுக் கணக்கும் துணைவர் விசாவில் முன்னதாகத் தொடங்குகிறது.

செலவிலும் வேறுபாடு சிறிதல்ல. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறையில் இருந்த கட்டணப்படி, கே-1 வழியில் மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265 டாலர், நிலை மாற்றத்துக்கு 1,440 டாலர் என 2,380 டாலர் ஆகிறது. வேலை அனுமதிக்கு 260 டாலரும் பயண ஆவணத்துக்கு 630 டாலரும் சேர்ந்தால் 3,270 டாலர். துணைவர் விசாவில் காகித வழி மனு 675, விசா 325, உறுதிமொழிப் பத்திரப் பரிசீலனை 120, குடிவரவுக் கட்டணம் 235 எனக் கூட்டினால் 1,355 டாலருடன் முடிகிறது. மருத்துவப் பரிசோதனை, பயணம், மொழிபெயர்ப்பு ஆகியவை இவற்றில் அடங்கா; கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டும் நாளில் அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

இவ்வளவு குறைகள் இருந்தும் கே-1 வழியே பொருத்தமாக அமையும் சூழல்கள் உண்டு. ஒருபால் திருமணத்தை ஏற்காத நாட்டில் துணை வாழ்ந்தால், உள்ளூரில் மணம் முடிப்பது என்ற முதற்படியே அடைபட்டுவிடுகிறது; இந்தியாவில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்த நிலையில், மூன்றாம் நாடொன்றில் மணப்பது அல்லது கே-1 பெறுவது என்பவையே இவ்விணையர்க்கு எஞ்சுகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ, அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 2013 ஜூன் மாதத் தீர்ப்புக்குப் பின், இத்திருமணங்களைக் குடிவரவு நோக்கத்துக்கு ஏற்கிறது. முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகள் இருப்போர்க்கு மற்றொரு நுணுக்கம் முக்கியமானது. மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை உறவு பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்குள் ஏற்பட்டிருந்தால்தான் குடியுரிமையாளர் அப்பிள்ளைக்கெனத் தனியாக ஐ-130 மனு செய்ய முடியும். கே-1 பெற்றவரின் மணமாகாத பிள்ளை 21 வயதுக்குள் கே-2 விசாவில் உடன் வரலாம். ஆகவே திருமணத்தின்போது 19 வயதுள்ள பிள்ளை ஒரு வழியில் தாயுடன் வரவும் மறுவழியில் பின்தங்கவும் நேரும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இங்கே தனிக் கவனம் கொள்ள வேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. கே-1 விசாவில் அமெரிக்காவுக்குள் நுழையும்வரை இருவரும் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். ஆனால் சுயமரியாதைத் திருமணங்களை ஏற்பதற்காகத் தமிழ்நாடு 1967-இல் இயற்றிய திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, இந்துக்களாகிய இருவர் உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலை சூட்டுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ திருமணத்தை நிறைவேற்றும் முறைகளுள் அடங்கும். அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமற் போவதுமில்லை. மண்டபம் பிடித்து, மாலை மாற்றி, மோதிரமும் மாற்றி நடத்தப்படும் இன்றைய நிச்சயதார்த்தங்களின் புகைப்படத் தொகுப்பை, உறவு உண்மையானது என்பதற்குச் சான்றாக நேர்காணலில் நீட்டும்போது, அதுவே திருமணம் முடிந்துவிட்டதோ என்ற ஐயத்தை அதிகாரியிடம் எழுப்பிவிடலாம். அவ்வாறு நேர்ந்தால் கே-1 மறுக்கப்படும். பதிவுச் சான்றிதழ் இல்லாததால் துணைவர் மனுவும் உடனே இயலாது. எனவே கே-1 வழியைத் தேர்ந்தவர்கள் மாலை மாற்றும் சடங்கைத் தள்ளிவைப்பதும், துணைவர் விசாவைத் தேர்ந்தவர்கள் 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி உடனே பதிவு செய்வதும் நல்லது. இருவரும் வெவ்வேறு மதத்தினராயின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்புக் காலத்தையும், அதற்கு முன் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்பதையும் விடுப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். யூட்டா மாநிலத்தின் வழியே காணொளியில் மணந்துகொள்வதும் பேசப்படுகிறது. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் இருவரும் நேரில் கூடி மணவாழ்வு தொடங்கினாலன்றி, அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஏற்பதில்லை.

சுற்றுலா விசாவில் சென்று, அங்கே மணந்து, அப்படியே தங்கிவிடலாம் என்னும் அறிவுரை உறவினர் வட்டத்தில் மிக எளிதாகக் கிடைக்கிறது. தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து நுழைந்ததாகக் கண்டறியப்பட்டால், அது பொய்க்கூற்றாகக் கொள்ளப்பட்டு வாழ்நாள் தடைக்கு இட்டுச் செல்லும். அதிலிருந்து மீளத் தனி விலக்கு வேண்டும். இதுவரை கூறியவை குடியுரிமையாளரின் துணைக்கே பொருந்தும்; கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் கே-1 மனு செய்ய முடியாது. அவர் மணந்த பின் எஃப்2ஏ என்னும் எண்ணிக்கை வரம்புள்ள பிரிவில்தான் துணையை அழைக்கலாம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இவ்விரண்டும் பொருந்தா. மணந்தபின் துணைக்குக் கிடைப்பது எச்-4 என்னும் சார்பு விசா மட்டுமே.

மனுதாரர் அறிந்திருக்க வேண்டிய சுமையும் ஒன்றுண்டு. வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதைக் காட்டி அவர் கையொப்பமிடும் ஐ-864 ஆதரவு உறுதிமொழிப் பத்திரம் வெறும் சடங்கன்று. அது சட்டப்படி நிறைவேற்றத்தக்க ஒப்பந்தம். மணமுறிவு அதை முடிவுக்குக் கொண்டுவராது. துணை குடியுரிமை பெறுவது, 40 காலாண்டு வேலைக்கணக்கு நிறைவது, நிரந்தரமாக நாட்டைவிட்டு வெளியேறுவது, இருவரில் ஒருவர் இறப்பது ஆகியவற்றால்தான் அது முடியும். கைவிடப்பட்ட துணை இதை வைத்து அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

“மனுவைத் திரும்பப் பெற்றுவிடுவேன்” என்ற மிரட்டல் இவ்வுறவுகளில் ஆயுதமாகப் பயன்படுவதுண்டு. 2005-இல் நிறைவேறிய பன்னாட்டுத் திருமணத் தரகர் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, மனுதாரர் தம் மீதான குறிப்பிட்ட வன்முறைக் குற்றத் தீர்ப்புகளைத் தெரிவிக்க வேண்டும். அவ்விவரமும் உரிமைகள் குறித்த கையேடும் கே-1 விண்ணப்பதாரருக்கு நேர்காணலின்போது தரப்பட வேண்டும். மணந்தபின் கொடுமைக்கு ஆளானவர், ஆணாயினும் பெண்ணாயினும், துணையின் ஒத்துழைப்போ அறிவோ இன்றி ஐ-360 படிவத்தால் தாமே மனு செய்யலாம்; அதன் விவரங்களை அரசு கொடுமை செய்தவரிடம் வெளியிடக் கூடாது. கொடுமையின் தொடர்பாக மணமுறிவு நேர்ந்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் இம்மனுவைச் செய்ய வேண்டும். நிபந்தனைக் காலத்தில் மணம் முறிந்தாலும், அது நல்லெண்ணத்தில் நடந்தது என்று காட்டி, இணைந்து கையொப்பமிடும் தேவைக்கு விலக்குக் கோரி ஐ-751 தாக்கல் செய்யலாம். 90 நாள்களுக்குள் உண்மையாக மணந்து, நிலை மாற்றம் முடிவதற்குள் பிரிந்துவிட்ட கே-1 துணைக்கும் கிரீன் கார்டுக்கான வாய்ப்பு முற்றிலும் அடைபடவில்லை என்று 2011-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்துள்ளது. இவற்றுக்கு வழக்கறிஞர் அல்லது நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியை மட்டுமே நாட வேண்டும். படிவம் நிரப்பித் தரும் முகவர்களுக்குச் சட்ட ஆலோசனை தர உரிமை இல்லை. தெற்காசியர்க்கென நியூயார்க்கில் 1989 முதல் இயங்கும் சகி அமைப்பும், 1-800-799-7233 என்ற தேசிய உதவி எண்ணும் முதல் உதவிக்குப் பயன்படும்.

கொடுமை திருமணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. கே-1 விசாவில் வந்து மணக்காமல் விலகுபவர் ‘துணை’ என்ற நிலையை எய்தாததால் ஐ-360 வழி அவருக்கு இல்லை. ஆண்டுக்கு 10,000 பேர் என்ற வரம்புடைய, குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்க்கான யு விசாவுக்குத் தகுதி உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டறியலாம். அதற்கும் தகுதியில்லாதவர் 90 நாள் முடியுமுன் புறப்பட்டுவிட்டால், பிற்காலத்தில் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அவர் பதிவில் வரம்பு மீறித் தங்கிய குறிப்பு இராது. கெடு கடந்தும் 180 நாளுக்கு மேல் தங்கியபின் வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியபின் வெளியேறினால் பத்து ஆண்டுகளும் அவர் மீண்டும் நுழைய முடியாது. திரும்பிச் செல்வதற்கான பயணச் செலவைத் தம் பெயரிலேயே வைத்திருப்பதும், கடவுச்சீட்டையும் மனுவின் நகல்களையும் பிறர் கையில் விடாதிருப்பதும் இதனால்தான் தேவையாகின்றன.