மண்டபத்தைத் தூக்கும் தண்ணீர்

திருவந்திபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றிக் காரை நிறுத்த இடமே இருப்பதில்லை. கெடிலத்தின் கரையோரம் மண்டபம் கட்டி, பூமிக்கு அடியில் பார்க்கிங் வைக்கலாமா? சொட்டுத் தண்ணீர் கசியாது என்று வாட்டர்ப்ரூஃபிங் ஏஜென்ட் ஒருவர் இருபது வருட கேரன்டி தருகிறாராம்.

கேரன்டியை விடுங்கள். எனக்குக் கசிகிற தளத்தைவிடக் கசியாத தளத்தின் மேல்தான் பயம் அதிகம்.

காலிக் குண்டான் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் நிமிர்த்தி வைத்து அமுக்கிப் பாருங்கள், கையை மீறி எழும். நிலத்துக்குள் கட்டிய தளமும் அந்தக் குண்டான்தான். அடைமழையில் நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறினால், மூன்றரை மீட்டர் ஆழத்துத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 3.5 டன் வீதம் மேலே தள்ளும். 20-க்கு 30 மீட்டர் மண்டபம் என்றால் 2,100 டன். கான்கிரீட்டின் எடையால் மட்டும் இதைச் சமாளிக்க, 1.4 மீட்டர் கனத்துக்குத் தளம் போட வேண்டும். குண்டானில் அரிசியைக் கொட்டினால் அமரும். பத்து மாடி அடுக்ககம் அப்படித்தான் அமர்ந்திருக்கிறது. கல்யாண மண்டபமோ தூணில்லாத பெரிய கூடம், மேலே லேசான கூரை. அரைப்படி அரிசிகூடத் தேறாது.

தளம் முடிந்து மேல்கட்டடம் எழும்பாத நேரத்தில் ஐப்பசி பிறந்தால் இன்னும் மோசம். டீசல் செலவைப் பார்த்து, குழியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பை யாராவது நிறுத்திவிட்டால், தளம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் குண்டானுக்குள் நாமே தண்ணீரை விட்டு நிரப்புவதுதான் கெட்டிக்காரத்தனம். ஓட்டைக் குண்டான் மிதக்காது. ஏஜென்ட் விற்பது ஓட்டையில்லாத குண்டானை. அதைக் கயிறு கட்டித் தொட்டியின் அடியோடு பிணைக்கலாம்: ஆழத்தில் இறக்கிய பைல்கள், கட்டடத்தைத் தாங்குவதோடு பிடித்து இழுக்கவும் செய்யும். அடி விளிம்பை வெளியே நீட்டி, அதன்மேல் மண்ணை ஏற்றி அமுக்கலாம். (அடியில் விளிம்பு வைத்த குண்டான் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.)

இதன் விசுவரூபம் நம் மாவட்டத்திலேயே, நெய்வேலியில் இருக்கிறது. 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில், நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். கரிப் படுகைக்குக் கீழே அடைபட்டிருந்த நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு 60 முதல் 80 டன். மேல்மண்ணை வாரிவிட்டால் அதை அமுக்க எடை ஏது? சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். அதனால் ஆழ்துளைக் கிணறுகளில் ராப்பகலாக இறைத்து, அழுத்தத்தை மட்டும் கீழே இறக்கிவைக்கிறார்கள். தங்கள் கிணறுகளும் சேர்ந்து இறங்கிவிட்டன என்று சுற்றுவட்டார விவசாயிகள் சொல்வதையும் இந்தச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

சரித்திரம் இல்லாமல் கட்டுரை ஏது என்பவர்களுக்காக: 1836-ல் கொள்ளிடத்து மணலில் கீழணை கட்டிய ஆர்தர் காட்டன், அடி தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை நம் முன்னோரின் வேலையைப் பார்த்தே கற்றதாக ஒப்புக்கொண்டார். மண்ணின் சுமையில் தண்ணீர் எவ்வளவு தாங்குகிறது, மண் எவ்வளவு தாங்குகிறது என்று பிரித்துக் காட்டியவர் கார்ல் டெர்சாகி. அவருடைய புத்தகம் 1925-ல் வந்தது. போதும்.

வாசகருக்கு வருகிறேன். முடியுமா என்றால் முடியும். சென்னை மெட்ரோ சுரங்க ரயில் நிலையங்கள் நிலத்தடி நீருக்குள்தான் நிற்கின்றன. அந்தச் செலவைக் கல்யாண வாடகையில் எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தோண்டும்போது இறைத்துக்கொண்டே இருந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடலாம். கெடிலம் கரை மீறினால், அத்தனை கேரன்டிக்கும் மேலாகக் கார் இறங்கும் சாய்தளம் வழியாகவே வெள்ளம் உள்ளே வரும். தரைமட்டத்தில் தூண்களுக்கு நடுவே கார்களை விட்டு, மண்டபத்தை மாடியில் வைப்பதே மலிவு. இல்லை, தோண்டித்தான் தீருவேன் என்றால், மண் பரிசோதனை அறிக்கையில் தண்ணீர் மட்டத்தை எந்த மாதம் அளந்தார்கள் என்று பாருங்கள். சித்திரை என்றிருந்தால், கார்த்திகையில் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.