காதோரம் – 9: பட்டா யார் பெயரில்?

மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பது, மின்விசிறியை நிறுத்துவது, துணி அடுக்கிய அறையில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் போன வாரம் பார்த்தோம். உங்கள் பாட்காஸ்ட்டைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, எம்பி3 கோப்பாக எடுத்து வைத்திருப்பீர்கள். அடுத்து அதை எங்கே ஏற்றுவது?

யாரைக் கேட்டாலும் ‘ஸ்பாட்டிஃபையில போட்டுடுங்க’ என்பார்கள். ‘யூடியூப்தான் சார் கூட்டம்’ என்பார்கள். இரண்டிலும் போடத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நிலம் வாங்கப் போகிறவர் மண்ணையும் தண்ணீரையும் மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் விசாரிக்கிறார். பாட்காஸ்டின் பட்டா, ஆர்எஸ்எஸ் ஃபீட்.

ஃபீட் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நிகழ்ச்சியின் பெயர், அட்டைப்படம், ஒவ்வொரு எபிசோடின் தலைப்பு, தேதி, அந்த ஒலிக்கோப்பு இணையத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்ற விவரம். அநேகமாக இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒலிக்கோப்பு நீங்கள் இடம் பிடித்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் கிடக்கும். கேட்பவரின் செயலி அவ்வப்போது ஃபீடை எட்டிப் பார்க்கும், புதிதாக ஒன்று சேர்ந்திருந்தால் அவருக்குக் காட்டும். 2000 டிசம்பரில் டேவ் வைனர் என்ற மென்பொருள்காரர் ஆர்எஸ்எஸ் 0.92 பதிப்பில் ஒலிக்கோப்பின் முகவரியைச் சேர்க்க வழி செய்தார். எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி 2004-இல் அந்த வழியில் தன் நிகழ்ச்சியை நடத்திக் காட்டினார். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்தது. எல்லோருக்கும் திறந்த இலவச நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை ஆப்பிள் வைத்திருப்பது இன்றைக்கும் ஒரு பட்டியல்தான். ஒலி உங்கள் இடத்தில், ஃபீட் உங்கள் கையில்.

இந்த ஏற்பாட்டின் அருமை கடை மூடும்போது தெரியும். 2024-இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியையே மூடிவிட்டது. ஃபீட் வைத்திருந்த யாருக்கும் ஒரு எபிசோடுகூடக் காணாமல் போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு செயலிக்குப் போய் அதே ஃபீடைத் தொடர முடிந்தது. பெரிய கம்பெனி நடத்துகிறது, நாளைக்கும் இருக்கும் என்று நம்பி எதையும் ஓர் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். அமெரிக்கப் பாட்காஸ்ட்காரர் ஜோ ரோகன் 2020-இல் பெரும் தொகைக்கு ஸ்பாட்டிஃபைக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டார். 2024-இல் புது ஒப்பந்தம் வந்தபோது அவர் நிகழ்ச்சியும் மற்ற செயலிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அவருக்குக் கொடுத்த பணத்தை நமக்கு யாரும் கொடுக்கப் போவதில்லை. ஆகவே ஓரிடத்தில் அடைந்து கிடக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஃபீட் முகவரியை வெளிப்படையாகத் தருகிறார்களா? நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரெக்ட் வசதி உண்டா? இரண்டாவது இல்லையென்றால், நீங்கள் மாறுகிற அன்று சேர்த்து வைத்த கேட்பவர்கள் எல்லோரும் பழைய வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மாதக் கட்டணம் எவ்வளவு என்பதை இதற்குப் பிறகு பாருங்கள். இலவசமாகத் தொடங்குவதில் தப்பில்லை, இந்த இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால்.

இன்னொன்று, அற்பமாகத் தோன்றும். கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது? நான்கு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய நிகழ்ச்சியில், ‘டெக்னிக்கல் விஷயம் தெரிந்தவன்’ என்று ஒருவர் தலையில் இதைக் கட்டியிருப்பார்கள். ஆறு மாதத்தில் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும், அல்லது மனஸ்தாபம் வரும். பாஸ்வேர்டு அவரோடு போய்விடும். நிகழ்ச்சிக்கென்றே தனி மின்னஞ்சல் தொடங்கி, அதன் சாவியை இரண்டு பேரிடமாவது வையுங்கள்.

இனி வளர்ப்பது. இங்கே நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் மைக் டங்கன் என்ற அமெரிக்கர். 2007-இல் ‘தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்’ என்று தொடங்கினார். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. பின்னால் பெரிய நிறுவனமும் இல்லை. ரோம் நகரம் உருவான புராணக் கதையில் ஆரம்பித்து, கி.பி. 476-இல் மேற்கு ரோமப் பேரரசு விழுந்தது வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடியும் எபிசோடுகள். விருந்தினர் இல்லை, சிரிப்புச் சத்தம் இல்லை, எழுதி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பேசுகிறார். 2012-இல் கதை முடிந்தது. எண்ணிட்ட எபிசோடுகள் 179.

இதில் கவனிக்க வேண்டியது அவருடைய குரலைவிட அவர் எடுத்துக்கொண்ட விஷயத்தின் அமைப்பு. ஐந்தாம் வருஷத்தில் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தாலும் முதல் எபிசோடுக்குப் போய்த்தான் தொடங்குவார். பிடித்துவிட்டால் 179-ஐயும் கேட்பார். போன மாத அரசியலைப் பற்றிப் பேசிய எபிசோடை இந்த மாதம் யார் கேட்கிறார்கள்? தமிழில் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பாதிப் பேராவது ‘சமூகம், சினிமா, அரசியல், வாழ்க்கை என எல்லாமும் பேசுவோம்’ என்று அறிவிக்கிறார்கள். எல்லாமும் பேசுகிறவரைத் தேடி எதற்காக ஒருவர் வர வேண்டும்? பக்கத்து டீக்கடையிலேயே அது கிடைக்கிறது.

குறுக்குங்கள். ‘தமிழ்நாட்டு வரலாறு’ வேண்டாம். 1895-இல் முடிந்த பெரியாறு அணை கட்டப்பட்ட கதை போதும். பத்து எபிசோடு தாங்கும். ‘விவசாயம்’ வேண்டாம். மஞ்சள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: விதைப்பு, வேக வைப்பது, ஈரோட்டு மண்டி, விலை ஏன் ஏறி இறங்குகிறது. மஞ்சள் போடுகிறவர் ஒருவர் விடாமல் கேட்பார், தன் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவார். பாட்காஸ்ட் நம் ஊரில் பரவுவது இந்த வழியில்தான். விளம்பரத்துக்குக் கொடுக்கிற பணத்தைவிட, ‘மாமா, இதுல பன்னிரண்டாவது நிமிஷத்துல நம்ம ஊரைப் பத்தி வருது, கேளுங்க’ என்று ஒருவர் அனுப்பும் ஒற்றை வரிக்கு வலு அதிகம். அப்படிச் சொல்லத்தக்க ஓர் இடம் ஒவ்வொரு எபிசோடிலும் இருக்கிறதா என்று வெளியிடும் முன் பாருங்கள்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எபிசோடு 14’ என்பது தலைப்பே இல்லை. போன் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அங்கே விஷயம் இருக்கட்டும், எண் கடைசியில் போகட்டும். தமிழ் விஷயத்தை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் நிறையப் பேர், ஆகவே விளக்கக் குறிப்பில் முக்கியமான பெயர்களை அந்த எழுத்திலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன காலம் பலருக்கு நினைவிருக்கும். சில நிமிஷம்தான். அவர் குரலில் அலங்காரமே கிடையாது, பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். நேராக விஷயத்துக்கு வருவார், கடைசியில் ஒரு நகைச்சுவை, முடிந்தது. நம் பாட்காஸ்ட்டுகளில் என்ன நடக்கிறது? முக்கால் நிமிஷ இசை, ‘வணக்கம் நண்பர்களே’, நிகழ்ச்சியின் பெயர், சென்ற முறை வந்த பாராட்டுகள், சப்ஸ்கிரைப் செய்யுங்கள், பிறகு விருந்தினரின் பட்டங்கள். விஷயம் வருவதற்குள் பஸ் வந்துவிடுகிறது. கேட்பவர் காதில் இயர்போனோடு தனியாக இருக்கிறார். அவர் ‘நண்பர்கள்’ இல்லை, ஒரே ஒரு ஆள். அவரிடம் முதல் வாக்கியத்திலேயே கதையைத் தொடங்குங்கள், பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கே கேட்பதை நிறுத்துகிறார்கள் என்பதை ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் நிகழ்ச்சி நடத்துகிறவருக்குக் கோடு போட்டுக் காட்டுகின்றன. வாரம் ஒருமுறை பார்க்க வேண்டிய படம் அது. டவுன்லோடு எண்ணிக்கையைக் காலையும் மாலையும் பார்த்து மனம் வாடுவதில் பயனில்லை. ஐஏபி என்ற இணைய விளம்பரத் துறை அமைப்பின், பரவலாக ஏற்கப்பட்ட விதிப்படி, ஒரு நிமிட ஒலியாவது இறங்கினால் அது ஒரு டவுன்லோடு. அதே கருவி 24 மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டாலும் கணக்கு ஒன்றுதான். இறங்கியது, கேட்டதாக ஆகாது. 2023-இல் ஐபோனின் ஐஓஎஸ் 17 தானாக இறக்கும் முறையை மாற்றியபோது பெரிய நிகழ்ச்சிகளின் எண்களே சரிந்தன. கேட்கிற ஆள் குறைந்து அது நடக்கவில்லை, கேட்காமல் குவிந்துகொண்டிருந்த கோப்புகள் நின்றுபோயின, அவ்வளவுதான். ஐம்பது பேர் கடைசி வரை கேட்கிறார்கள் என்றால், ஐந்நூறு பேர் இரண்டு நிமிஷத்தில் ஓடுவதைவிட நல்ல நிலைமையில் இருக்கிறீர்கள்.

சினிமாப் பாட்டு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ‘முப்பது விநாடி வரை பரவாயில்லை’ என்று ஒரு வதந்தி உலவுகிறது. நம் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. உரிமம் இல்லாமல் போடாதீர்கள். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானவை என்பதால் அவற்றை நீங்களே வாசித்து வெளியிடலாம். வேறொருவர் வாசித்த பதிவு அவருடையது.

பணம், விளம்பரம், நன்கொடை எல்லாம் அடுத்த வாரம். அதற்கு முன், நிறுத்தப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். நிறுத்துவது குற்றமில்லை. பத்தே எபிசோடு என்று அறிவித்துத் தொடங்கி, பத்தில் கௌரவமாக முடிக்கலாம். ஆனால் முடித்த கையோடு ஹோஸ்டிங் கட்டணத்தையும் நிறுத்திவிட்டால், கோப்புகளும் ஃபீடும் மறைந்துபோக வாய்ப்பு அதிகம். டங்கனின் ரோம் 2012-இல் முடிந்துவிட்டது. இன்றைக்கும் அதை முதல் எபிசோடிலிருந்து கேட்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஃபீட் உயிரோடு இருப்பதால். கட்டணம் கட்ட முடியாவிட்டால், மூடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றிவிடுங்கள். அங்கே இடம் இலவசம்.

(தொடரும்)