வினாக்கொத்தும் விரதமும்

நன்னூலார் வினாவை ஆறு வகையாகக் கூறினார். இளையோர் தம் உடலமைப்பைப் பற்றி யாது எண்ணுகின்றனர், எடை குறைத்தற்பொருட்டு உணவை எவ்வாறு ஒறுக்கின்றனர் என்றறிய உளவியலார் பாடசாலைகளிற் கொடுக்கும் வினாக்கொத்து அவற்றுள் எவ்வகையது? வினவுவோர் விடையறியாது வினவுதலின் அஃது அறியாவினாவே. ஆயின், ஆசிரியர் கையால் வந்த தாளை மாணவி அறிவினாவாகக் கொள்கின்றாள். பரீட்சையிற்போலச் சரியான விடையைத் தேடுகின்றாள். அளவு பிழைப்பது அங்கேதான்.

கார்னர், கார்பிங்கல் என்போர் கனடாவில் ஆக்கிய உணவு மனப்பான்மைச் சோதனை 1979 இல் 40 வினாக்களுடன் வெளிவந்து, 1982 இல் 26 ஆகச் சுருங்கியது. கிங், பூக்ரா என்னும் ஆய்வாளர் அதனை இந்தியிற் பெயர்த்து, வட இந்திய நகரொன்றில் 580 மாணவியர்க்குக் கொடுத்தனர். 1989 இல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்வது: நூற்றுக்கு 29 பேர் நோய்க்குறியின் எல்லையைக் கடந்திருந்தனர்! விடைகளை நுணுகி நோக்கியபோதோ, சில வினாக்கள் வேறு பொருளில் விளங்கிக்கொள்ளப்பட்டமை புலனாயிற்று.

இவ்விடரை மன்னாரில் வைத்து எண்ணிப் பாருங்கள். பசித்தும் உண்ணாதிருத்தல் அத்தாளில் ஐயத்துக்குரிய குறி. பேசாலையில் அது தவக்கால ஒறுத்தல். எருக்கலம்பிட்டியில் றமழான் நோன்பு. திருக்கேதீச்சரத்தடியார்க்குச் சிவராத்திரி உபவாசம். கடல் வஞ்சித்த நாளில் வலைஞர் வீட்டுப் பிள்ளை உண்ணாதிருப்பதற்கு இவற்றுள் எதுவுங் காரணமன்று.

சொற்களும் இடறும். ‘தடிப்பு’ என்றால் நம்மூரிற் செருக்கு. ‘கொழுப்பு’ என்றாலும் அஃதே. ‘உனக்குத் தடிப்புக் கூடிவிட்டதா?’ என்று தாளில் எழுதினால், நல்ல பிள்ளை யாவளும் இல்லையென்றே எழுதுவாள். ‘உடம்பு வைத்திருக்கிறாய்’ என்று பெரியம்மா சொல்வதோ வாழ்த்து. அதைக் கேட்டு இன்றைய பிள்ளை அழுவதும் உண்டு.

ஒரு தாளை இருமுறை கொடுத்து ஒத்த விடை பெறுதல் நம்பகம் எனப்படும். ஏற்புடைமை அதனின் வேறு. குறைத்து வெட்டிய முழக்கோல் எத்தனை முறை அளந்தாலும் ஒரே கணக்கைத் தரும், கணக்கோ பிழை. மேலும், இரண்டாம் முறை நோன்புக் காலத்தில் வீழ்ந்தால், விடையின் மாற்றம் மாணவியினதன்று, நாட்காட்டியினது.

சென்னை மனநல மருத்துவர் சீனிவாசன் முதலியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், மேலைத் தாளோடு அமையாது, அங்குள்ள மாணவரிடத்துக் கண்ட உணவுத் துயர்நிலைக்கெனவே ஒரு வினாக்கொத்தை ஆக்கினர். அஃதே நேர்வழி.

விரதக்காரியை நோயாளியாக்குதல் ஒரு தீங்கு. எடையச்சத்தால் உருகும் பிள்ளை விரதப் போர்வையில் மறைந்து போதலே எனக்குப் பேரச்சந் தருவது; மனநோய்களுள் உயிர்ச்சேதம் மிகுந்தவற்றுள் உணவொறுப்பு நோயும் ஒன்று.

ஆதலின், அச்சிடுமுன் பேசாலை, எருக்கலம்பிட்டி, முருங்கன் மாணவர் சிலரை இருத்தி, ஒவ்வொரு வினாவையுந் தம் சொல்லிலே திருப்பிச் சொல்லச் செய்க. மூலத்தை அறியாத ஒருவரைக்கொண்டு தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மீளப் பெயர்ப்பிக்கும் வழக்கமும் நன்றே. ஆனால் அவர் என்போன்ற பண்டிதராயிருத்தல் ஆகாது. தடிப்பைப் பருமன் என்றே பெயர்த்துவிடுவார்! உண்ணாமைக்குக் காரணம் விரதமோ, வறுமையோ, எடைக் கவலையோ என ஒரு வினாவைத் தனியே சேர்க்க. தாளிற் பெயர் வேண்டா; அதனைத் திரட்டுபவர் வகுப்பாசிரியராக இருத்தலும் வேண்டா.