டீக்கடையும் பேக்கரியும் ஒன்றா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் கார்த் தொழிற்சாலைகள் மட்டுமா இருக்கின்றன? ஷிப்டு முடிந்து வருவோருக்காக டீக்கடை, மெஸ், பேக்கரி, பிரியாணிக் கடை, கம்பெனிகளுக்குச் சமைத்து அனுப்பும் கேட்டரிங் கூடம் எனப் பலவும் இருக்கின்றன. நமக்கு இவை எல்லாம் 'சாப்பாட்டுக் கடை'தான். ஆனால் கட்டட விதி இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. ஏன் என்று பார்ப்போமா?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 'தேசியக் கட்டட விதித்தொகுப்பு' என்ற நூலை வெளியிட்டுள்ளது. முதலில் 1970-இல் வந்த இந்நூல் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. கட்டடங்களை அவற்றின் உயரத்தையோ அழகையோ கொண்டு மட்டும் இது பிரிக்கவில்லை. 'உள்ளே என்ன நடக்கிறது?' என்று கேட்டு, ஒன்பது வகைகளாகப் பிரிக்கிறது. குடியிருப்பு 'ஏ', கல்விக்கூடம் 'பி', மருத்துவமனை போன்றவை 'சி', மக்கள் கூடும் இடம் 'டி', அலுவலகம் 'ஈ', கடை 'எஃப்', தொழிற்கூடம் 'ஜி', கிடங்கு 'எச்', அபாயப் பொருள்கள் உள்ள இடம் 'ஜே' எனப்படும். தமிழ்நாட்டில் கட்டட அனுமதி வழங்குவதற்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உள்ளன.

ரொட்டியை வாங்கி வைத்து விற்கும் சிறு கடை 'எஃப்' வகை. அதே ரொட்டியைப் பெரிய அடுப்புகளில் சுட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பும் கூடம் 'ஜி' வகை. மாவு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கட்டடம் 'எச்' வகை. ஐம்பது பேருக்குக் குறையாமல் கூடி உண்ணும் உணவகம் 'டி' வகை. பொருள் ஒன்றுதான், ஆனால் ஆபத்து வேறு வேறு.

இந்த ஐம்பதை எப்படி அறிவது? தலைகளை எண்ணுவதில்லை, பரப்பளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவருக்கு 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டது. 10 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தின் பரப்பு 75 சதுர மீட்டர். அதை 1.5 ஆல் வகுத்தால் கிடைப்பது சரியாக 50. எத்தனை பேர் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டியிருக்கும் என்பது தெரிந்தால்தான் கதவின் அகலத்தைத் தீர்மானிக்க முடியும். கூட்டம் நிறைந்த இடத்தில் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்நோக்கித் திறக்கும் கதவை, பின்னால் நெருக்கும் கூட்டமே மூடிவிடும் அல்லவா?

இனி அடுப்படிக்கு வருவோம். ஓர் அறையில் உள்ள பொருள்கள் முழுவதும் எரிந்தால் வெளிப்படும் வெப்பத்தைத் தரைப்பரப்பால் வகுத்தால் கிடைப்பது 'தீச்சுமை'. ஒரு கிலோ சமையல் வாயு சுமார் 46 மெகா ஜூல் வெப்பம் தரும். கடைகளில் பயன்படும் 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 870 மெகா ஜூல் அடங்கியிருக்கிறது. இது சுமார் 50 கிலோ விறகுக்குச் சமம்! மேலும் இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே தீப்பற்றும். ஆகவே உயரத்தில் ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது. தரையை ஒட்டியும் காற்று வெளியேற வழி வேண்டும்.

மாவின் செய்தி இன்னும் வியப்பானது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள பத்து லட்சம் துகள்களாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். நூறு மடங்கு இடத்தில் ஆக்சிஜன் தொடுகிறது. அதனால்தான் மூட்டையில் அமைதியாக இருக்கும் மாவு, காற்றில் மேகம்போல் பறக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கக்கூடும்.

ஒரே கட்டடத்தில் இரு வகைகள் சேர்ந்தால் என்ன செய்வது? கீழே பிரியாணிக் கடை, மேலே தொழிலாளர் விடுதி என்று வைத்துக்கொள்வோம். அப்போது தீப்பாதுகாப்பில் அதிக ஆபத்துள்ள வகைக்கான விதியே முழுக் கட்டடத்துக்கும் பொருந்தும். தீயைப் பல மணி நேரம் தாங்கும் சுவரால் பிரித்தால்தான் தனித்தனியாகக் கருதலாம்.

இது வெறும் ஏட்டு விதி அன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைக் கீற்றுக் கூரையில் பற்றிய தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடம் நெருப்பு வாழும் இடம். வகுப்பறை குழந்தைகள் நிறைந்த இடம். இரண்டுக்கும் நடுவே தீ கடக்க முடியாத தடை இருக்க வேண்டும் என்பதை அந்த நாள் நமக்கு மறக்க முடியாதபடி சொல்லிச் சென்றது.

மாணவர்களே, அடுத்த முறை ஓர் உணவகத்துக்குச் செல்லும்போது கூடத்தின் நீள அகலத்தை அடியால் அளந்து பாருங்கள். எத்தனை பேர் கொள்ளும்? எத்தனை வழிகள் உள்ளன? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? சிலிண்டர் எங்கே இருக்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டால், அந்தக் கடை எந்த எழுத்துக்கு உரியது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.