களவு பின்னாகும் கதைகள்: குமரி மாவட்டப் பின்புலத்தில் பெண் வாசிப்பும் இன்பப் புனைவும்

திறவுச்சொற்கள்: பெண் வாசிப்பு, மாத நாவல், பைங்கிளி, அகமரபு, களவு, கற்பு, ஊடல், நாஞ்சில் நாடு

மலையாளத்தில் முட்டத்து வர்க்கி எழுதிய 'பாடாத்த பைங்கிளி' என்னும் நாவல் 1955இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலிருந்து பிரிந்து வந்த 'பைங்கிளி' என்னும் சொல், வார இதழ்களில் தொடராக வரும் மெல்லிய காதற்கதைகள் அனைத்தையும் இகழ்ச்சியாகச் சுட்டும் திறனாய்வுச் சொல்லாகக் கேரளத்தில் நிலைபெற்றது. அடுத்த ஆண்டு, 1956 நவம்பர் 1 அன்று, குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரசியல் எல்லை மாறியதே தவிர, விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் இருமொழிச் சூழல் மாறிவிடவில்லை. தமிழ்த் திறனாய்வில் பைங்கிளிக்கு நிகரான இடத்தில் 'மாத நாவல்', 'குடும்ப நாவல்' என்னும் சொற்கள் வழங்கின.

இப்பெயர்களை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஆண்களுக்கென அச்சிடப்பட்ட பாலியல் கதைகளை 'மஞ்சள் புத்தகம்' என்று தமிழும் 'கொச்சுபுஸ்தகம்' என்று மலையாளமும் வழங்கின. ஒன்று நிறத்தாலும் மற்றொன்று வடிவத்தாலும் அமைந்த பெயர். இரண்டும் பொருளைச் சுட்டுவன. 'குடும்ப நாவல்' என்பதோ பொருளைச் சுட்டாமல், அதை வாசிப்பவர் இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. கிளி என்பதும் அவ்வாறே. வாசிப்பவரை வைத்துப் பெயரிட்டதனால், அக்கதைகளுக்குள் என்ன நிகழ்கிறது என்று பார்க்கும் தேவை திறனாய்வுக்கு இல்லாமற் போயிற்று. குறிப்பாக, அவற்றுள் பாலின்பம் எவ்வாறு அமைகிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. 'பெண்களுக்கான கதையில் அது இராது' என்று ஒரு சாராரும், 'இருப்பதனால்தான் கெடுதி' என்று மற்றொரு சாராரும் முடிவு செய்துவிட்டனர். இவ்விரு முடிவுகளுக்கும் நூலைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பெண் வாசிப்பின்மீதான அச்சம்

இந்த அச்சம் மாத நாவலோடு தோன்றியதன்று. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002), இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல் வாசிப்பு குறித்து எழுந்த ஒழுக்கக் கவலையை விரிவாகக் காட்டுகிறது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் பரவலாக விற்ற காலம் அது. அக்காலக் கண்டனங்களின் மையத்தில் பெண்ணும் இளைஞரும் நின்றனர். காரணம், கதையின் பொருள் மட்டுமன்று. வாசிக்கும் முறையும் ஆகும். புராணமும் கதைப்பாடலும் பலர் கூடியிருக்க ஒருவர் வாய்விட்டுப் படிப்பன. நாவலோ தனியே, வாய்மூடிப் படிப்பது. கூட்டத்தில் கேட்கும் பெண்ணின் முகத்தைப் பிறர் பார்க்கலாம். தனியே படிப்பவளின் மனத்தில் ஓடுவது யாருக்கும் தெரியாது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, பெண்ணே எழுதிப் பெண்ணே படிக்கும் வழியைத் தமிழில் அகலமாக்கினார். அவ்வழி இத்தகைய ஐயத்தின் நடுவே அமைந்தது.

இன்பத்தைப் பெண் எழுதுவதும் படிப்பதும் ஒருசேரக் குற்றமாக்கப்பட்டதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. தஞ்சை மராத்தியர் அவையைச் சேர்ந்த முத்துப்பழனி பதினெட்டாம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனம்' என்னும் சிருங்காரக் காப்பியத்தை, பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். கந்துகூரி வீரேசலிங்கம் இந்நூலின் பகுதிகள் பெண் செவிக்கே ஆகாதவை என்றும், அவற்றை ஒரு பெண் எழுதியது தகாது என்றும் கருதினார். ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. ஆண் புரவலர்க்காக ஆண் புலவர் பாடிய விறலிவிடு தூதுகளும் காதற் பிரபந்தங்களும் இவ்வளவு வெளிப்படையானவையே. ஆயினும் அவற்றின் வாசகரை எண்ணி எவரும் இவ்வாறு கலங்கியதாகத் தெரியவில்லை.

நாஞ்சில் நாட்டின் தனித்தன்மை

குமரி மாவட்டத்தை இப்பொருளுக்குரிய களமாகக் கொள்வதற்குக் காரணம் அதன் எழுத்தறிவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் இதுவே; மொத்த விகிதம் ஏறத்தாழ 92 விழுக்காடு. ஆண் பெண் வேறுபாடு மிகக் குறைவு. இதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளது. 1806இல் ரிங்கல்தௌபே வந்தபின் மயிலாடியிலும் பின்னர் நாகர்கோவிலிலும் வேரூன்றிய இலண்டன் மிஷன், பெண் பள்ளிகளை மிக முன்னதாகவே தொடங்கியது. விவிலியமும் பாட்டுப்புத்தகமும் படிக்கவே அப்பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்கப்பட்டது. கற்பித்தவர் நினைத்த நூல்களோடு மட்டும் எழுத்து நின்றுவிடாது என்பதை அடுத்து வந்த தலைமுறைகளின் வாசிப்பு காட்டும்.

ஆயின் எழுத்தறிவு இருந்த இடத்தில் நடமாடும் உரிமை இருக்கவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) இம்முரணை மையமாகக் கொண்டது. பருவமெய்தியதும் வீட்டுக்குள் நிறுத்தப்படும் லிஸி, பனையேறும் குடும்பத்து இளைஞன் தங்கராஜை விரும்புகிறாள். அவ்விருப்பத்தைச் சொல்ல அவளுக்கு மொழி இல்லை. பார்வையும் காத்திருத்தலும் மட்டுமே உள்ளன. தமிழின் மிகச் சிறந்த காதல் நாவல்களுள் ஒன்றாகிய இது, உடலைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை. பேசாமையே அதன் அழுத்தம்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே வழங்கிய மருமக்கள்வழி முறையில் நிலைமை வேறு வடிவம் கொண்டது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பல மணம் செய்த காரணவரின் கடைசி மனைவி வாயிலாகச் சொல்லப்படுகிறது. அம்முறையைச் சட்டவழி முடிவுக்குக் கொண்டுவந்த திருவிதாங்கூரின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் வந்தது. மான்மியத்தைச் சொத்துரிமை நூலாகவே படித்துவருகிறோம். எனினும் அதில் பேசும் மனைவியின் குறை சொத்தில் மட்டும் அடங்குவதன்று. கணவனுடைய வீட்டிலும் படுக்கையிலும் தனக்குரிய இடம் எது என்பதும் அதில் கேட்கப்படுகிறது. அங்கதமாக இருந்ததால்தான் அவ்வளவும் பேச முடிந்தது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்தால், பெண்ணின் விருப்பம் இப்பகுதி எழுத்தில் ஒன்று மௌனமாகவோ ஒன்று நகையாகவோ வெளிப்பட்டிருப்பது தெரியும். மூன்றாவது வழியொன்றை மாத நாவல் கொண்டுவந்தது.

கற்பின் பின் களவு

'ராணிமுத்து', 'மாலைமதி' போன்ற மாத நாவல் இதழ்களும், அவற்றின் வழி வந்த நூல் வடிவங்களும், வாடகை நூலகங்களும், பேருந்து நிலையக் கடைகளும் இணைந்து உருவாக்கிய வாசிப்பு உலகில் ரமணிசந்திரனின் இடம் தனித்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் அவர். ஆங்கில வாசகருக்காக 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் வெகுசன எழுத்துத் தொகுப்பிலும் அவர் இடம்பெற்றார். அவர் வழியில் முத்துலட்சுமி ராகவன் உள்ளிட்ட பலர் எழுதினர்.

இவ்வகை நாவல்களில் மீண்டும் மீண்டும் வரும் அமைப்பு ஒன்றுண்டு. ஏதோ ஒரு நெருக்கடியால் முதலில் திருமணம் நடந்துவிடுகிறது. கடனோ, குடும்ப மானமோ, குழந்தையொன்றின் பாதுகாப்போ, பழிவாங்கலோ அந்நெருக்கடியாகலாம். கணவன் செல்வன், கடுமையானவன், எதையோ தவறாக எண்ணியிருப்பவன். ஒரே கூரையின்கீழ் இருவரும் அந்நியராக வாழ்கின்றனர். தற்செயலான தீண்டல், காய்ச்சலில் செய்யும் பணிவிடை, மழையில் நின்றுபோன வண்டி, பிறர் முன்னிலையில் நடிக்க வேண்டிய நெருக்கம் எனக் கதை நகர்கிறது. ஐயம் தெளியும் இடத்தில் கூடல். அத்துடன் நாவல் முடிகிறது.

அகமரபில் பயின்றவருக்கு இவ்வமைப்பு புதியதன்று, தலைகீழானது. தொல்காப்பியம் வகுத்த ஒழுகலாற்றில் களவு முன், கற்பு பின். ஊரறியாக் கூடலும் அலரும் அச்சமும் கடந்தே வரைவு நிகழும். மாத நாவல் அவ்வரிசையை மாற்றுகிறது: கற்பு முதலில் உறுதிசெய்யப்படுகிறது, களவின் மெய்ப்பாடுகள் யாவும் அதற்குள் நிகழ்கின்றன. தாலி ஏறிய பின்னரே தலைவி தலைவனை முதன்முறை 'காண்கிறாள்'. மறைவு உண்டு, ஆனால் ஊருக்கு மறைவன்று; கணவனுக்கே தன் விருப்பத்தை மறைக்கிறாள். மருதத்திற்குரிய ஊடல் இங்குப் பரத்தையாற் பிறப்பதில்லை. முதற்கூடலுக்கு முன்பே தொடங்கி நாவல் முழுதும் நீள்கிறது.

இதனை வெறும் ஒழுக்கக் கட்டுப்பாடாகக் கொள்வது பொருந்தாது. இது ஓர் இன்ப உத்தி. தாலி வந்துவிட்டதால் அலர் இல்லை. அலர் இல்லாததால் வாசகி அச்சமின்றி அடுத்த தீண்டலை எதிர்நோக்க முடிகிறது. மஞ்சள் புத்தகத்தில் இன்பம் நிகழ்ச்சியில் உள்ளது. மாத நாவலில் தாழ்த்தலில் உள்ளது. பெண்களுக்கான பாலியல் எழுத்து வேறு வகையானது என்று ஆன் ஸ்னிட்டோ 1979இல் ஆங்கிலக் காதல் நாவல்களைப் பற்றி முன்வைத்த வாதம் இங்கும் பொருந்தும். தமிழில் அதற்குக் களவியலின் இலக்கணம் அடித்தளமாக இருப்பதே வேறுபாடு. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் நேராகக் கூறுதல் மரபன்று என்பது தொல்காப்பியர் கருத்து, தோழியிடம் கூறலாம். மாத நாவலின் தலைவியும் தலைவனிடம் சொல்வதில்லை. அவளது உள்ளுரையை முழுதும் கேட்பவள் வாசகி மட்டுமே. தோழியின் இடம் நூலுக்கு வெளியே மாறியிருக்கிறது.

1984இல் வெளிவந்த ஜானிஸ் ராட்வேயின் ஆய்வு, அமெரிக்க நகரொன்றின் காதல் நாவல் வாசகியரை நேரிற் கேட்டறிந்து, வாசிப்பு என்பது வீட்டு வேலையிலிருந்து அவர்கள் தமக்கென எடுத்துக்கொள்ளும் பொழுது என்று காட்டியது. அவ்வாசகியர் வன்முறையையும் பலரோடு உறவையும் வெறுத்தனர். ஒருவனோடு ஒருத்தி, மெல்ல வளரும் நெருக்கம் என்பதையே விரும்பினர். இவ்விருப்பங்கள் தமிழ் மாத நாவலின் அமைப்போடு ஒத்துச் செல்கின்றன. ஆயினும் ராட்வேயின் சட்டகத்தை அப்படியே எடுத்தாளுவது போதாது. அங்கே திருமணம் கதையின் முடிவு, இங்கே தொடக்கம். ஏற்பாட்டுத் திருமணம் பெருவழக்காக உள்ள சமூகத்தில், முன்பின் அறியாத ஒருவனோடு ஓர் அறைக்குள் அனுப்பப்படும் பெண்ணின் அச்சத்தை இக்கதைகள் விருப்பமாக மாற்றித் தருகின்றன. ஆறுதல் அதில் உண்டு. அச்சத்தை உண்டாக்கிய ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் அதைத் தாங்கத்தக்கதாக்குவதும் அதில் உண்டு. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறும் ஆய்வு குறையுடையது.

இணையவழித் தொடர்களில் இச்சிக்கல் கூர்மையடைந்துள்ளது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் பெண்கள், பலர் புனைபெயரில், அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றனர். வாசகியரின் கருத்துரை அடுத்த அத்தியாயத்திற்கு முன்பே வந்துவிடுகிறது. தலையணைக்கடியில் ஒளித்த புத்தகத்திற்கு அட்டை உண்டு, கைப்பேசிக்கு இல்லை. ஈ.எல். ஜேம்ஸின் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' (2011) மின்னூலாகப் பரவியதற்கு இதுவே ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அட்டை மறைந்ததும் தாழ்த்தல் குறைந்து, உடல் வெளிப்படையாக எழுதப்படலாயிற்று. அதனுடன் 'ஆன்டி ஹீரோ' என்று வாசகியரே பெயரிட்டழைக்கும் வன்மையான தலைவனும் பெருகினான். தலைவியின் இசைவின்றி நிகழும் கூடலைப் பின்னர் காதலாக மாற்றும் கதைகள் இவற்றுள் உண்டு. அகமரபில் இதற்கு இடம் பெருந்திணையே. அன்பின் ஐந்திணை அன்று. இசைவின்மையை விருப்பத்தின் தாமதமாக எழுதுவது, பழைய ஊடல் உத்தியின் நீட்சி போலத் தோன்றினும், இரண்டும் ஒன்றல்ல. ஊடலில் மறுக்கும் ஆற்றல் தலைவியிடம் உள்ளது.

நாகர்கோவிலிலிருந்து மற்றொரு குரல்

இதே காலத்தில் குமரி மாவட்டத்திலிருந்து நேர்மாறான எழுத்தும் வெளிவந்தது. சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' (2000), 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) ஆகியவற்றை நாகர்கோவிலின் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா, பூப்பெய்தியபின் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். நாவலில் வீட்டுக்குள் அடைபட்ட முஸ்லிம் பெண்கள் தமக்குள் உடலைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் கேலியும் கசப்புமாகப் பேசிக்கொள்கின்றனர். குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) தொகுப்பையொட்டிப் பெண் கவிஞர்கள்மீது கடும் தாக்குதல் எழுந்த காலம் இது.

வெளிப்படையாகச் சொல்லின், மாத நாவலின் இறுதி அத்தியாயங்களில் உள்ள இன்ப வருணனை சல்மாவின் பக்கங்களில் இல்லை. இருந்தும் தாக்கப்பட்டவை கவிதைகளே. மாத நாவலில் உடல் ஒரு வாக்குறுதி. சல்மாவிடம் அது ஒரு வழக்கு. இன்பத்தைத் தாலிக்குள் வைத்து எழுதினால் ஊர் கண்டுகொள்வதில்லை. தாலிக்குள் இன்பம் இல்லை என்று எழுதினால் கண்டுகொள்கிறது. ஒரே வாசகி இரண்டையும் படிப்பதற்குத் தடையேதுமில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அவளை 'வெகுசன வாசகி', 'தீவிர வாசகி' என்று பகுப்பது பதிப்புத்துறைக்கு வசதி.

இத்துறையில் ஆய்வு நடப்பதற்கு முதல் தடை மூலங்களே. மலிவுத்தாளில் அச்சான மாத நாவல்கள் பழைய காகிதக் கடைக்கே செல்கின்றன. பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைச் சேர்ப்பது அரிது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சில நிறுவனங்களின் சேகரிப்பே ஓரளவு துணைசெய்யும். வாடகை நூலகங்கள் மூடப்பட்டபோது, யார் எந்த நூலை எத்தனை நாள் வைத்திருந்தார் என்று எழுதிய பேரேடுகளும் உடன் போயின. வாசகியின் பெயருக்கு நேரே நூலின் பெயர் நின்ற ஒரே ஆவணம் அதுதான். குமரி மாவட்டத்தில் இப்பணியை மேற்கொள்வோர் தமிழ் இதழ்களோடு மலையாள வார இதழ்களையும் சேர்த்தே திரட்ட வேண்டியிருக்கும். மேற்கு வட்டங்களின் வாசிப்பை ஒரு மொழியைக் கொண்டு அளக்க இயலாது. எஞ்சியுள்ள பேரேடுகள் ஏதேனும் இருப்பின், அவை மூடிய கடைகளின் உரிமையாளர் வீட்டுப் பரண்களிலேயே இருக்கக்கூடும்.