மருந்துக் கிடங்கு சொல்லும் வியாபாரப் பாடம்

"சரக்கு இல்லை" என்று இரண்டு முறை சொன்னால், மூன்றாம் முறை வாடிக்கையாளர் நம் கடைப் படி ஏறமாட்டார். மணவூரில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கும் இது தெரியும். சென்னையில் மொத்த வியாபாரம் செய்பவருக்கும் தெரியும். அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் இது வெகுகாலம் தெரியாமல் இருந்தது. டாக்டர் சீட்டு எழுதுவார். மருந்து கொடுக்கும் இடத்தில் "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள்.

இந்த நிலையை மாற்றத்தான் 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசுத் துறையாக அல்லாமல், கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்த நிறுவனமாகவே அமைத்தார்கள். 1995 ஜனவரியில் வேலை ஆரம்பமாயிற்று.

கழகம் செய்தது என்ன?

நல்ல மொத்த வியாபாரி செய்வதைத்தான் செய்தது. முதலில் சரக்குப் பட்டியல்: கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், அத்தியாவசிய மருந்துகளை மருந்தின் பெயரிலேயே வாங்குவது என்று முடிவாயிற்று. பிறகு மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். தகுதி ஒரு கவரில், விலை இன்னொரு கவரில். தகுதியில் தேறியவரின் விலைக் கவர் மட்டுமே பிரிக்கப்படும்.

வந்த சரக்கு மாவட்டக் கிடங்குகளில் இறங்கும். மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியேறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்பது கம்ப்யூட்டரில் தெரிந்தது.

இதில் நம்மவர்களுக்கு ஒரு வருத்தமும் உண்டு. தயாரிப்பாளரிடமே நேரடிக் கொள்முதல் என்றதால், இடையில் இருந்த ஏஜெண்டுகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. ஆனாலும் விலை குறைந்து மருந்து ஏழைக்குக் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. இதே வழியில் கேரளம் 2007-லும், ராஜஸ்தான் 2011-லும் கழகம் அமைத்தன.

காகிதம் யார் தலையில்?

அடுத்து வந்தவை காப்பீட்டுத் திட்டங்கள். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பெரிய ஆபரேஷன்களுக்கு எத்தனையோ குடும்பங்களை இவை காப்பாற்றியுள்ளன. ஆனால் அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். அதற்கு கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கி அலையவேண்டும். ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய். பின்னர் 1,20,000 ஆயிற்று. அதாவது மாதம் பத்தாயிரம். கடை வாடகையும் கரண்ட் பில்லும் போக அதற்குச் சற்று மேலே சம்பாதிக்கும் சிறு வணிகர் வெளியே நிற்கிறார். இ.எஸ்.ஐ. சம்பளம் வாங்குபவருக்குத்தான், கடை நடத்துபவருக்கு இல்லை. தனியார் காப்பீடு எடுப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டு சீர்திருத்தங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்துக் கழகத்திலும் ரிஜிஸ்தர், ஆய்வு, அலுவலர்கள் எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பாரம் கிடங்கோடு நின்றுவிட்டது. மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. காப்பீட்டில் அந்தப் பாரம் நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டது. திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ நோயாளியை அழைத்துப் போகிறவர் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார். சான்றுக்காக இன்னும் இரண்டு நாள் பூட்டினால் வியாபாரம் என்ன ஆகும்?

ஆகவே சங்கங்கள் இரண்டு கோரிக்கைகளை வலியுறுத்த வேண்டும். ஒன்று, சிறு வணிகரும் உள்ளே வரும்படி வருமான வரம்பை உயர்த்துவது. இரண்டு, சான்றும் அட்டையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் கிடைக்கச் செய்வது.

கணக்குப் புத்தகம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அதை வாடிக்கையாளரிடம் கொடுத்து எழுதச் சொல்லும் கடை நிலைக்காது.