லிவர்ப்பூலின் தலைசிறந்த முகாமையாளர் யார்?

உதைபந்தாட்டக் கழகமொன்றின் இரசிகர் இருவர் ஓரிடத்திற் கூடினால் அவர்களிடையே இருவகைப் பேச்சு எழுவதுண்டு. ஒன்று கடந்த ஆட்டத்தைப் பற்றியது. அடுத்த ஆட்டம் வந்ததும் அது மறைந்துவிடும். மற்றையது தம் கழகத்தை நடத்திய முகாமையாளருள் தலைசிறந்தவர் யார் என்பது. அதற்கு முடிவென்பதே கிடையாது. தந்தை தொடங்கிய வாதத்தை மகன் தொடர்வான். மகன் விட்ட இடத்திற் பேரன் எடுப்பான். இங்கிலாந்தின் வடமேற்கே, மேர்சி நதியின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள லிவர்ப்பூல் என்னும் துறைமுக நகரிலே இத்தகைய வழக்கொன்று பல பத்தாண்டுகளாக நடந்து வருகின்றது. பில் ஷாங்லியா, பொப் பெய்ஸ்லியா என்பதே அவ்வழக்கு.

முகாமையாளர் பந்தை உதைப்பவரல்லர், கோல் அடிப்பவருமல்லர். அவருக்கு ஏன் இத்துணைப் பெருமை என்று நேயர்கள் வினவலாம். எந்த ஆட்டக்காரரை விலை கொடுத்து வாங்குவது, எவரை விடுவிப்பது, எவரை எவ்விடத்தில் நிறுத்துவது, எம்முறையிற் பயிற்றுவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் அவரே. முற்காலத்தில் இவ்வதிகாரம் பல கழகங்களிற் பணிப்பாளர் சபையிடமே இருந்தது. லிவர்ப்பூலிலும் ஷாங்லி வரும் வரை அணித் தெரிவிலே சபையின் கை ஓங்கியிருந்தது. அணியைத் தெரிவு செய்யும் உரிமை தமக்கே வேண்டும் என்பதில் ஷாங்லி உறுதியாக நின்றார். ஆகவே, வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரு தனி மனிதரைப் பொறுப்பாக்கும் வழக்கம் அக்கழகத்தில் அவரோடுதான் வேரூன்றியது எனலாம்.

ஷாங்லி 1913 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலுள்ள கிளென்பக் என்னும் சிறிய சுரங்கக் கிராமத்திற் பிறந்தவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பின்னர் பிரெஸ்டன் அணியில் ஆடி, 1938 இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்றவர். 1959 டிசெம்பரில் அவர் லிவர்ப்பூலுக்கு வந்தபோது அக்கழகத்தின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. 1954 இல் முதற் பிரிவிலிருந்து இறக்கப்பட்ட அணி, ஐந்தாண்டுகளாக இரண்டாம் பிரிவிலேயே உழன்றுகொண்டிருந்தது. 1959 சனவரியிலே லீக்கிற் சேராத வூஸ்டர் சிற்றி என்னும் சிறு கழகத்திடம் எப்.ஏ. கிண்ணப் போட்டியிற் தோல்வியுற்ற அவமானமும் மாறியிருக்கவில்லை. அன்பீல்ட் மைதானமும் மெல்வூட் பயிற்சித் திடலும் பராமரிப்பின்றிக் கிடந்தன.

அந்த நிலையிலிருந்து கழகம் எழுந்த கதையை லிவர்ப்பூலில் அறியாதார் இல்லை. 1962 இல் இரண்டாம் பிரிவில் முதலிடம். 1964 இல் இங்கிலாந்தின் லீக் வெற்றி. 1965 இல், கழகம் தோன்றிய 1892 ஆம் ஆண்டு முதல் கைக்கெட்டாதிருந்த எப்.ஏ. கிண்ணம், 1966 இலும் 1973 இலும் மீண்டும் லீக் வெற்றி, 1973 இலேயே யூ.ஈ.எப்.ஏ. கிண்ணம், 1974 இல் இரண்டாம் முறை எப்.ஏ. கிண்ணம். அதன் பின்னர் அவ்வாண்டு யூலை மாதத்தில், எவரும் எதிர்பாராத வேளையில், அறுபது வயதில் அவர் ஓய்வு பெற்றார்.

ஆயினும் ஷாங்லியின் பக்கம் வாதிடுவோர் கிண்ணங்களை முதலில் எடுத்துக் கூறுவதில்லை. அவர் மக்களோடு கொண்ட உறவையே கூறுவர். நுழைவுச் சீட்டு வாங்கி வந்து நிற்கும் துறைமுகத் தொழிலாளியும் அணியின் ஓர் அங்கமே என்று அவர் நம்பினார். இரசிகர்கள் எழுதிய கடிதங்களுக்குத் தாமே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து மறுமொழி எழுதினார். ஒருவர்க்காக மற்றவர் உழைத்து, கிடைத்த பயனை எல்லோரும் பகிர்ந்துகொள்வதே தாம் அறிந்த சமதர்மம் என்பது அவர் கொள்கை. சட்டை முதற் காலுறை வரை முழுவதும் சிவப்பாக அணியும் வழக்கமும் 1964 இல் அவர் காலத்திலேயே தொடங்கியது. ஒரு கழகத்திற்கு அவர் வெற்றியை மட்டும் தரவில்லை, ஒரு முகத்தையே தந்தார் என்பது இக்கட்சியாரின் வாதம்.

இனி மறு கட்சியைக் கேட்போம். பொப் பெய்ஸ்லி 1919 இல் இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்துச் சுரங்க ஊரொன்றிற் பிறந்தவர். செங்கல் அடுக்கும் மேசன் தொழில் பழகியவர். 1939 இல் லிவர்ப்பூலில் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். உடனே போர் மூண்டது. படைவீரராகச் சென்று திரும்பி, 1947 இல் லீக் வென்ற அணியில் ஆடினார். 1950 இல் எப்.ஏ. கிண்ண அரையிறுதி ஆட்டத்திற் கோல் அடித்தும், இறுதி ஆட்டத்திற்கு அவர் தெரிவு செய்யப்படவில்லை. அந்த ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கழகத்திலேயே தங்கினார். 1954 இல் ஆட்டத்தை நிறுத்திய பின் பயிற்றுநராயும் காயம் பார்ப்பவராயும் பணிபுரிந்தார். மேடைப் பேச்சோ மக்களைக் கவரும் மொழியோ அவரிடம் இருந்ததில்லை. ஷாங்லி விலகியபோது அப்பதவியை ஏற்கவும் அவர் தயங்கினார்.

அவ்வாறு தயங்கியவர் செய்து முடித்தது என்ன? 1974 முதல் 1983 வரை ஒன்பது பருவங்கள் அவர் பொறுப்பில் இருந்தார். முதற் பருவத்தில் லீக் கைக்கு வரவில்லை. அடுத்த எட்டுப் பருவங்களில் ஆறு முறை லீக் வெற்றி கிட்டியது. 1976 இல் யூ.ஈ.எப்.ஏ. கிண்ணம் வந்தது. 1977 இல் ரோமாபுரியிலும், 1978 இல் இலண்டன் வெம்பிளியிலும், 1981 இல் பாரிஸ் மாநகரிலும் ஐரோப்பியக் கிண்ணத்தை அவர் அணி வென்றது. மூன்று முறை அக்கிண்ணத்தை வென்ற ஒரே முகாமையாளர் என்ற பெருமை 2014 வரை அவருக்கே உரியதாயிருந்தது. எப்.ஏ. கிண்ணம் அவர் கைக்கு எட்டவில்லை. கணக்கைப் பார்த்தால் பெய்ஸ்லிக்கு நிகர் யார் என்பது இக்கட்சியாரின் வினா.

“விதைத்தவர் ஷாங்லி, பெய்ஸ்லி அறுவடை செய்தார்” என்று ஒரு சாரார் விடையிறுப்பர். “நல்ல விளைச்சலைக் கையில் வாங்கி வீணாக்கியோர் எத்தனை பேர்? காத்ததோடு நில்லாமற் பெருக்கியவரன்றோ பெய்ஸ்லி” என்று மற்றச் சாரார் மடக்குவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எது எவருடையது என்று பிரிக்க முனையும்போதுதான் இவ்வழக்கின் சிக்கல் தெரியும். ரேய் கென்னடி என்னும் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆர்சனல் கழகத்திலிருந்து ஷாங்லி கடைசியாக வாங்கிய ஆட்டக்காரர். முன்னணியில் நின்று கோல் அடிப்பதற்காகவே அவர் வாங்கப்பட்டார். அவ்விடத்தில் அவர் எதிர்பார்த்த அளவு பிரகாசிக்கவில்லை. பெய்ஸ்லி அவரை நடுக்களத்தின் இடப் பக்கத்திற்கு மாற்றினார். அவ்விடத்திலே ஐரோப்பியக் கிண்ண வெற்றிகளின் தூண்களுள் ஒருவராக அவர் விளங்கினார். கென்னடியை எவர் கணக்கில் எழுதுவது? வாங்கியவர் கணக்கிலா, இடமறிந்து நிறுத்தியவர் கணக்கிலா?

1977 மே மாதம் ரோமாபுரியிலே லிவர்ப்பூல் அடித்த மூன்று கோல்களையும் இவ்வாறே பகுத்துப் பார்க்கலாம். தொமி ஸ்மித் ஷாங்லியின் காலத்தில் இளைஞராக வளர்ந்தவர். ரெரி மக்டேர்மட்டும் பில் நீலும் பெய்ஸ்லி கொண்டுவந்தவர்கள். அன்று எதிரணியை ஓட ஓட அலைக்கழித்த கெவின் கீகனோ 1971 இல் ஷாங்லி கண்டெடுத்தவர். வெற்றி ஒன்றுதான், அதிற் கைகள் இரண்டு.

இவ்விரு கைகளும் இணைந்த இடமும் ஒன்றுண்டு. அன்பீல்டிலே காலணிகள் வைக்கும் ஒரு சிற்றறை இருந்தது. ஷாங்லியின் உதவியாளரான பெய்ஸ்லி, ஜோ பேகன், ரூபன் பெனற் முதலியோர் அங்கே அமர்ந்து, ஆட்டக்காரரின் குறைநிறைகளையும் எதிரணியின் போக்கையும் ஆராய்வர். 1973 இல் பெல்கிரேட் நகரத்து ரெட் ஸ்டார் அணியிடம் இரு ஆட்டங்களிலும் லிவர்ப்பூல் தோற்றது. பின்னணியில் நிற்பவரும் பந்தை அவசரமாக உதைத்துத் தள்ளாமல், காலில் வைத்திருந்து பொறுமையாகக் கைமாற்ற வேண்டும் என்ற பாடத்தை அத்தோல்வி அவர்களுக்குக் கற்பித்தது. பாடம் ஷாங்லி காலத்துத் தோல்வியிலே கிடைத்தது. அதன் முழுப் பயன் பெய்ஸ்லி காலத்திலே விளைந்தது.

இதனோடு 1959 ஆம் ஆண்டுச் செய்தியொன்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். புதிய முகாமையாளர் வந்தால் பழைய உதவியாளரை அனுப்பிவிட்டுத் தமக்கு வேண்டியவரை அழைத்துக்கொள்வது பெரும்பாலும் நடப்பது. ஷாங்லி அவ்வாறு செய்யவில்லை. அங்கிருந்தவர்களை அவ்வண்ணமே வைத்துக்கொண்டார். அவர்களுள் ஒருவர் அக்கழகத்தில் ஏற்கெனவே இருபதாண்டு கழித்திருந்த பெய்ஸ்லி. அன்று ஷாங்லி அவரை அனுப்பியிருந்தால் பிற்காலத்துப் பெருமைகள் எவ்வழி சென்றிருக்குமோ! ஷாங்லி எடுத்த முடிவுகளுட் சிறந்தது, எவரையும் விலக்காதிருந்த அந்த முடிவே எனக் கூறினும் பொருந்தும். 1983 இல் பெய்ஸ்லி ஓய்வு பெற்றபோதும் பதவி அதே அறையிலிருந்த பேகனுக்கே சென்றது. அடுத்த ஆண்டே லீக், லீக் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தன.

இவ்வழக்கில் வேறு பெயர்களும் உண்டு. கென்னி டல்கிளிஷ் 1986 இல், ஆட்டக்காரராகவும் முகாமையாளராகவும் ஒரே வேளையிற் கடமையாற்றி, லீக்கையும் எப்.ஏ. கிண்ணத்தையும் வென்றார், 1988 இலும் 1990 இலும் மீண்டும் லீக்கை வென்றார். ஆனால் அவர் பெயரைச் சொல்லும்போது முதியவர்களின் குரல் தாழ்வது இவ்வெற்றிகளால் அன்று. 1989 ஏப்பிரில் 15 ஆந் திகதி ஷெபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டது. அதனால் லிவர்ப்பூல் இரசிகர் 97 பேர் மாண்டனர். அந்நாள்களில் டல்கிளிஷ் சவச் சடங்குகள் பலவற்றிற் கலந்துகொண்டு, துயருற்ற குடும்பங்களோடு நின்றார். அப்பாரம் அவரையும் வாட்டியது. 1991 பெப்ரவரியில் பதவி துறந்தார். அவர் அன்று செய்த பணிக்குக் கிண்ணக் கணக்கில் இடமில்லை; மக்கள் மனக் கணக்கில் இடமுண்டு.

இளைய தலைமுறையினரோ ஜேர்மனியரான யூர்கன் குளொப்பைக் கூறுவர். 2015 ஒக்டோபரில் வந்த அவர், 2019 இல் மட்ரிட் நகரிலே ஐரோப்பியக் கிண்ணத்தையும், 2020 இல் 99 புள்ளிகளோடு லீக்கையும் பெற்றுத் தந்தார். முப்பதாண்டுக் காத்திருப்பின் பின் வந்த அந்த லீக் வெற்றியை, கொள்ளைநோய்க் காலமாகையால், இரசிகர்கள் மைதானத்திற் கூடிக் கொண்டாட முடியாமற் போயிற்று. லீக் வெற்றி அவர் காலத்தில் ஒன்றே, பெய்ஸ்லிக்கோ ஆறு. ஆனால் காலங்களை ஒப்பிடுவது எளிதன்று. 1977 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்ல 9 ஆட்டங்கள் போதுமாயிருந்தன. 2019 இல் 13 ஆட்டங்கள் வேண்டியிருந்தன. 2022 இல் குளொப்பின் அணி 92 புள்ளிகள் பெற்றும், ஒரே புள்ளியால் லீக்கை இழந்தது. ஒரு காலத்து அளவுகோலால் மறு காலத்தை அளந்தால் நீதி பிழைத்துவிடும்.

அப்படியாயின் இவ்வாதத்தால் என்ன பயன்? கழகத்திற்கு வரும் ஒவ்வோர் இளைஞனும், தான் காணாத மனிதரின் பணியை இவ்வாதத்தின் வாயிலாகவே கற்றுக்கொள்கின்றான். தலைமை என்பது எது என்னும் வினாவையும் அவன் தன்னையறியாமலே ஆராய்கின்றான். எண்ணிப் பார்க்கத் தக்க வெற்றியா, எண்ணில் அடங்காத நம்பிக்கையா, துயரத்தில் உடன் நிற்பதா, வீழ்ந்ததை எழுப்புவதா? இவற்றுள் எதை முதலில் வைக்கின்றானோ அதற்கேற்ப அவன் விடையும் அமையும். இதனாலேயே இவ்வழக்குத் தீர்வதில்லை.

ஆயினும் ஓர் அளவுகோல் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். ஒருவர் விலகிய பின் அவர் கட்டியது நிற்கின்றதா என்பதே அது. இவ்வளவுகோலில் ஷாங்லிக்குச் சான்று பெய்ஸ்லி. பெய்ஸ்லிக்குச் சான்று பேகன். ஒருவரின் பெருமைக்கு மற்றவரே சாட்சியாக நிற்கும்போது, ஒருவரை உயர்த்துவதற்காக மற்றவரைத் தாழ்த்துதல் சாட்சியையே கெடுப்பதாகும். பணியை விட்டு விலகுவது எளிதன்று என்பதையும் ஷாங்லியின் வாழ்வு காட்டியது. ஓய்வின் பின்னும் அவர் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டக்காரர் அவரையே தலைவரென அழைத்தனர். புதியவருக்கு அது சங்கடமாயிற்று. வருகையைக் குறைக்குமாறு கழகம் உணர்த்தியபோது அவர் மனம் நொந்தார். 1981 இல் அவர் மறையும் வரை அந்த நோவு முற்றாக ஆறவில்லை.

அன்பீல்ட் மைதானத்தின் வெளியே இருவர்க்கும் சிலை உண்டு. 1997 இல் நிறுவப்பட்ட ஷாங்லியின் சிலை, மக்களை நோக்கி இரு கைகளையும் அகல விரித்து நிற்கின்றது. 2020 இல் நிறுவப்பட்ட பெய்ஸ்லியின் சிலை, காயமுற்ற எம்லின் ஹியூஸ் என்னும் ஆட்டக்காரரை முதுகிற் சுமந்து செல்கின்றது. அது 1968 இல், அவர் இன்னும் உதவியாளராயிருந்த காலத்திற் கண்ட காட்சி. ஒருவர் மக்களை அழைத்தார். மற்றவர் பாரத்தைச் சுமந்தார். அவ்வழியே ஆட்டம் பார்க்கச் செல்லும் இரசிகர், இருவருள் எவர் பெரியவர் என்று வாதிட்டுக்கொண்டே இரு சிலைகளையும் கடந்து செல்வர்.